ஓடம் ஆடினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய திரைப்பாடல்களைக் கொண்டு பள்ளி மாணவர்களுக்குப் பௌத்தம் சொல்லித்தரலாம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனை. வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற நானும் வகுப்பில் பாடிக் காட்டியவன்தான். பிள்ளைகள் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் கட்டுரையாளர் பாட்டோடு நின்றுவிடுகிறார். அங்கேயே விட்டுவிட்டால் பிள்ளைகள் தலைவிதியைப் படித்துவிட்டு, அதைத்தான் புத்தர் சொன்னார் என்று தேர்வில் எழுதிவைப்பார்கள். அப்படி எழுதிய விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

அவர் முதலில் எடுத்துக்கொண்டது 'ஆசையே அலைபோலே'. 1958-இல் வந்த படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது. ஆசை அலை, அதன்மேல் நாம் ஓடம், வாழ்நாளெல்லாம் ஆட்டம். புத்தர் சொன்ன நான்கு வாய்மைகளில், துன்பத்துக்குக் காரணம் வேட்கை என்ற இரண்டாவதை இதைவிட எளிதாக விளக்க முடியாது. சரி, மூன்றாவதும் நான்காவதும் எங்கே? துன்பம் தீரும் என்பதும், தீர்வதற்கு நடந்து போகக்கூடிய ஒரு வழி உண்டு என்பதும்தானே புத்தர் சொல்ல வந்த சேதி? பாட்டில் ஓடம் ஆடிக்கொண்டே இருக்கிறது; துடுப்பை யாரும் தொடவில்லை. அது பாட்டின் குறையும் அன்று, அதற்கு அந்த வேலை கொடுக்கப்படவில்லை.

புத்தரின் வாக்குகளைத் தொகுத்த தம்மபதத்திலும் ஓர் ஓடம் வருகிறது. துறவியே, இந்த ஓடத்திலுள்ள நீரை இறைத்துவிடு, இறைத்தால் இலேசாகப் போகும் என்கிறார் புத்தர். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டு, என்ன வேறுபாடு என்று கேட்டேன். 'அதில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், இதில் வேலை இருக்கிறது சார்' என்றான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன். பாடப்புத்தகத்துக்கு அவனை எழுதச் சொல்லியிருக்கலாம்.

அதே வகுப்பில் ஒரு மாணவி, 'டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படுவதும் தப்பா சார்?' என்று கேட்டாள். ஆசையைப் பற்றிய பாட்டை வகுப்பில் பாடினால் இந்தக் கேள்வி வந்தே தீரும். கட்டுரையாளர் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். நான்காவது வாய்மை சொல்லும் வழிதான் எண்வகை மார்க்கம்; அதன் எட்டு அங்கங்களில் ஆறாவது நல்முயற்சி. முயற்சியை வழியின் ஓர் அங்கமாகவே வைத்தவர் புத்தகத்தை மூடச் சொல்லமாட்டார். கிடைத்தால்தான் நான் மனுஷி, கிடைக்காவிட்டால் செத்தேன் என்று பிடித்துக்கொள்கிறோமே, அந்தப் பிடியைத்தான் அவர் விடச் சொன்னார். தேர்வு முடிவு வரும் மாதத்தில் இந்த ஊரில் எந்த வீட்டுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

விதியைப் பற்றிய பாடல்களையும் பட்டியலில் சேர்த்திருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்டது, மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று புத்தர் காலத்தில் சொன்னவர்கள் ஆசீவகர்கள். அவர்களின் தலைவரான மற்கலியின் அந்தக் கொள்கையைப் புத்தர் மிகக் கடுமையாகச் சாடினார். அவர் எதிர்த்ததையே அவர் வாயில் திணிப்பது நியாயமில்லை. நிலையாமையைப் பாடியதெல்லாம் பௌத்தம் என்றால் பட்டினத்தாரும் பௌத்தராகிவிடுவார். பௌத்தக் காப்பியமான மணிமேகலையை எழுதிய சாத்தனார் இதில் கறாரானவர். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக்காரரிடமும் அவரவர் கொள்கையை மணிமேகலை தனித்தனியாகக் கேட்டறிவதற்கென்றே ஒரு காதையை ஒதுக்கியிருக்கிறார்.

'போனால் போகட்டும் போடா' பாட்டை (1961) மட்டும் விட்டுவிட எனக்கும் மனமில்லை. ஆனால் அதைக் கிசா கோதமியின் கதையோடு சேர்த்துத்தான் கற்பிக்க வேண்டும். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தவளிடம், சாவு விழாத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வா என்றார் புத்தர். கடுகு எல்லார் வீட்டிலும் இருந்தது. இங்கே யாரும் சாகவில்லை என்று சொல்ல ஒரு வீடும் இல்லை. அவர் தத்துவம் ஒன்றும் பேசவில்லை; அவள் வாசல் வாசலாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டு, குழந்தையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தாள். பாட்டு துக்கத்திலிருப்பவனைத் தட்டிக்கொடுக்கிறது. அது வேறு, இது வேறு என்று பிள்ளைகளால் பிரித்தறிய முடியும்.

இன்னொன்று. கட்டுரையாளர் சொல்லும் பாடல்களெல்லாம் அவரும் நானும் வானொலியில் கேட்டு வளர்ந்தவை. இன்றைய ஒன்பதாம் வகுப்புக்கு அவை தாத்தா பாட்டுகள். முதலில் பாட்டையே பாடமாக நடத்தியாக வேண்டும். எங்கள் வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேட்டுப் பழகிய சாவுப் பாட்டு வேறு இருக்கிறது. சாவு வீட்டுப் பந்தலில் இரவு முழுக்கப் பாடும் மரண கானா. இறந்தவரின் பெயரைச் சொல்லி, குணத்தைச் சொல்லி, நேற்று இருந்தவர் இன்று இல்லை என்று சொல்லி, விடிய விடியப் பாடுவார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு மரணத்தை நினைந்திருத்தல் என்ற பௌத்தப் பயிற்சியைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தப் பாட்டை வகுப்புக்குள் விட ஆசிரியர்கள் கூச்சப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

பௌத்தம் வெளியூர்ச் சரக்கு என்ற நினைப்பும் அப்போது கொஞ்சம் குறையும். இராயப்பேட்டையிலிருந்து 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கிய, தமிழ்ப் பௌத்தத்தை முன்னெடுத்த அயோத்திதாசர் இந்த ஊர்க்காரர்தான். நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, பஸ் ஏறினால் பார்த்துவிடலாம்.

எனவே பட்டியலிலிருந்து விதிப் பாடல்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மணிமேகலையின் இந்த வரிகளைச் சேர்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்:

'பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது'

கோவலனை இழந்த மாதவி, பௌத்தத் துறவி அறவண அடிகள் தனக்குச் சொன்னதாகத் தோழி வயந்தமாலையிடம் சொல்வது இது. திரைப்பாடலில் விட்டுப்போன இரண்டு வாய்மைகளும் இதில் இருக்கின்றன. மெட்டு இல்லையே என்பார்கள். பிள்ளைகளிடம் கொடுங்கள், மேசையைத் தட்டிக்கொண்டு மதிய இடைவேளைக்குள் கானாவாகவே போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை-11.