எஞ்சின் பேக்கிங்கைத் தனியாகவும் விற்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டூர் திறந்தாச்சு என்று செய்தி வந்ததும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் கொட்டகையில் சும்மா கிடந்த ஆயில் எஞ்சின்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்துவிடும். கடைமடையில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தாலும் மேட்டு வயலுக்கு இறைத்துத்தான் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அதே எஞ்சின்தான் வயலில் தேங்கிய மழைத்தண்ணீரையும் வெளியே தள்ளும். இந்த எஞ்சின்களையும் டிராக்டர்களையும் பிரித்துப் பூட்டுவது என் தொழில். உதிரி பாகங்களை, முக்கியமாக இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்க வைக்கும் பேக்கிங்கை (கேஸ்கெட்), விற்கும் முறை பற்றி ஒரு குறை சொல்லவே இதை எழுதுகிறேன்.

வால்வுகளைத் திறக்கவைக்கும் மேடுகள் (கேம்) உள்ள தண்டுதான் கேம்ஷாப்ட். அது தேய்ந்துபோன எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். கேமின் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியை எத்தனை முறை சரிசெய்தாலும் சத்தம் போகாது. இழுவை குறையும், புகை தள்ளும். எங்களிடம் வரும் பெரும்பாலான ஆயில் எஞ்சின்களில் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் தொடாமலே கேம்ஷாப்டை உருவி எடுத்துவிடலாம். கியர் மூடிக்கு ஒரு பேக்கிங், பக்கக் கதவுக்கு ஒன்று, ஓர் ஆயில் சீல் இருந்தால் போதும். ஆனால் கடையில் கேட்டால், "தனியா வராதுண்ணே, புல் செட்டா எடுத்துக்குங்க" என்பார்கள். ஹெட் கேஸ்கெட் உட்பட மொத்த எஞ்சினுக்குமான செட் அது. நடவுக்கு ஆள் கூலி கொடுக்கவே தடுமாறும் விவசாயி என்ன செய்வார்? "தம்பி, பழசையே தொடச்சுப் போட்டுடு, தண்ணி வந்துருச்சு" என்கிறார். அவரைக் கஞ்சன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பழைய காகித பேக்கிங் பாதி மூடியிலும் பாதி பாடியிலும் ஒட்டிக்கொண்டு கிழிந்துதான் வரும். அதன்மேல் சிலிகான் பசையைப் பிதுக்கி மூடுகிறார்கள். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது புழுப் போலக் கழன்று அடியில் ஆயில் தேங்கும் சம்பில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். அப்புறம் பேரிங் போகும், கிராங்க் போகும். பேக்கிங் காசில் மிச்சம் பிடித்ததற்கு இது அதிகமான விலை.

பழசு எதுவுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ரப்பர் பேக்கிங்கை நகத்தால் அழுத்தினால் குழி மீண்டும் எழும்ப வேண்டும். எழும்பினால் தாராளமாகப் போடலாம். செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகிவிடும். ஹெட் கேஸ்கெட் மட்டும் ஒருமுறை இறுக்கி நசுங்கினால் அவ்வளவுதான், கழற்றினால் புதுசுதான்.

இன்னொன்று இருக்கிறது, இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் டீசல் பம்பை அடிப்பதும் இதே கேம்ஷாப்ட்தான். அந்தப் பம்பின் அடியில் மெல்லிய தகடுகளாக ஷிம் இருக்கும். பார்வைக்கு பேக்கிங் மாதிரியே இருக்கும். ஆனால் டீசல் எப்போது பீய்ச்ச வேண்டும் என்பதை அதன் கனம்தான் தீர்மானிக்கிறது. ஒரு தகடு கூடினால் பம்பு உயர்ந்து, டீசல் பிந்தி விழும். எஞ்சின் புகைக்கும், ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஆகவே கழற்றும்போதே எண்ணித் தனியே கட்டிவைத்து, புது கேம்ஷாப்டோடு அதையே போட்டு, பிறகு டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். "பழசு எதுக்கு" என்று தூக்கிப்போட்ட ஷிம்மைத் தேடிக் குப்பையைக் கிளறிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் டேப்பட். தேய்ந்த டேப்பட்டைப் புது கேம்ஷாப்டின் மேல் உட்கார வைத்தால் அது புதுசையும் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஆயிலும் பில்டரும் கூட. தேய்ந்த இரும்புப் பொடி முழுக்க அந்த ஆயிலில்தானே கிடக்கிறது?

கேம்ஷாப்ட் வாங்குவதிலும் தொல்லை உண்டு. ஒரு கடையில் கம்பெனிப் பெட்டியில் போட்டுக் கொடுத்த கேம்ஷாப்டைப் பட்டறையில் அரம் வைத்துப் பார்த்தேன். ஒழுங்காகக் கடினப்படுத்திய கேமின் ஓரத்தில் அரம் வழுக்கும். இதில் கடித்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், துண்டுச் சீட்டில் 'கேம் 1' என்று மட்டும் எழுதியிருந்ததைக் காட்டி, எங்கள் சரக்கே இல்லை என்றார்கள். கையில் பார்ட் நம்பர் போட்ட பில் இருந்திருந்தால் பேச்சே வேறு.

எஞ்சின் கம்பெனிகளும் கேஸ்கெட் தயாரிப்பவர்களும் கேம்ஷாப்ட் வேலைக்கு மட்டும் வேண்டிய பேக்கிங்குகளைச் சின்ன செட்டாகப் போட்டு ஊர்க் கடைகள் வரை அனுப்ப வேண்டும். கடைக்காரர்கள் பார்ட் நம்பர் எழுதிப் பில் தர வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை நடத்தும் இயந்திரப் பராமரிப்பு முகாம்களில் புது இயந்திரங்களைக் காட்டுவதோடு, ஒரு பழைய ஆயில் எஞ்சினையும் பிரித்துப்போட்டு எதைத் திரும்பப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று காட்டலாம். அப்படி ஒரு முகாமைக் கோடையிலேயே, மேட்டூர் திறப்பதற்கு முன்னால், கடைமடை ஊர்களில் வைத்தால் நல்லது. தண்ணீர் வந்த பிறகு வைத்தால் யாரும் வர மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஆயில் எஞ்சின் மெக்கானிக் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.