இந்த வருஷம் பூரா கொலைதான்: நம்ம காமிக்ஸ் சங்கத்து செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணன், கமிட்டிக்காரங்க, பட்டர்வொர்த்துல இருந்து பினாங்குக்கு ஃபெரி ஏறி வந்தவங்க, பின்னாடி நின்னுக்கிட்டே மீ கோரெங் சாப்பிடுற தம்பிமாரு, எல்லாருக்கும் வணக்கம். அறிக்கையை ஒரு பக்கத்துல முடிங்கன்னு போன தடவையே சொன்னீங்க. முடியல லா. நடந்தது அவ்வளவு.

முதல்ல கட்டாய விஷயம். கூட்டம் மாசா மாசம் நடந்துச்சு, தீபாவளி மாசம் மட்டும் யாரும் வரல, அது எல்லா வருஷமும் அப்படித்தான். கணக்கை பொருளாளர் அக்கா படிப்பாங்க, கேள்வி இருந்தா அவங்களையே கேளுங்க. இந்த ஏஜிஎம், அதாவது ஆண்டுப் பொதுக்கூட்டம், முடிஞ்சு 60 நாளுக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு ரிட்டர்ன் போகணும், 1966 சங்கச் சட்டத்துல அப்படித்தான் இருக்கு, அதனால வருகைப் பதிவுல கையெழுத்து போடாம யாரும் நாசி கண்டார் சாப்பாட்டுக்கு ஓடாதீங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். வருஷ ஆரம்பத்துல நம்ம உறுப்பினர் ஒருத்தர் சௌராஸ்டா மார்க்கெட் மேல்மாடி பழைய புத்தகக் கடையில இருந்து ஒரு பெட்டி பழைய அவெஞ்சர்ஸ் காமிக்ஸ் வாங்கிட்டு வந்தாரு, அவெஞ்சர்ஸ்னா ஒரு சூப்பர்ஹீரோ டீம். பாதி அட்டை கிழிஞ்சு, பக்கமெல்லாம் தேயிலைத் தண்ணி கலர்ல இருந்துச்சு. அதுல வெஸ்ட் கோஸ்ட் அவெஞ்சர்ஸ், 1987, ஸ்டீவ் எங்கல்ஹார்ட் எழுதினது. டீமு காலத்துல பின்னோக்கிப் போய் பழைய கௌபாய் ஊர்ல மாட்டிக்கும், அங்க ஃபேண்டம் ரைடர்னு ஒருத்தன் டீமுல இருக்கிற மாக்கிங்பேர்டுங்கிற பொண்ணைக் கடத்திட்டுப் போய் மருந்து குடுத்து மனசை மாத்தி வச்சிருப்பான். மருந்து தெளிஞ்சதும் அவ அவனைத் தேடிப் போய் சண்டை போடுவா, அவன் மலை விளிம்புல தொங்குவான், அவ கை குடுக்க மாட்டா. விழுந்து செத்துருவான். அவ தள்ளல, தூக்கவும் இல்ல. அதை புருஷன்கிட்ட சொல்லாம மறைச்சா. புருஷன் யாரு, ஹாக்ஐ, அந்த டீமுக்கே லீடர். அப்புறம் அந்தச் செத்தவனோட ஆவியே வந்து போட்டுக் குடுத்துரும். அவெஞ்சர்ஸ்னா கொல்லக் கூடாதுன்னு ஹாக்ஐ ஒரே பிடியா நிப்பாரு, கடைசியில குடும்பமும் பிரியும் டீமும் பிரியும், அவகூட டிக்ராவும் மூன் நைட்டும் கிளம்பிருவாங்க.

இதைப் படிச்ச அன்னைக்கு நம்ம கூட்டம் ராத்திரி கடை அடைக்கிற வரைக்கும் ஓடுச்சு. கீழ மாமாக் சாப்பாட்டுக் கடைக்காரரு விளக்கை அணைச்சு அணைச்சு போட்டாரு, அப்பவும் எவனும் எழுந்திரிக்கல. ஆம்பளைங்க பாதிப் பேரு ரூலு ரூலுதான்னாங்க. அப்போதான் ஆயர் ஈத்தாம்ல இருந்து வர்ற நம்ம தங்கச்சி கேட்டுச்சு, "அண்ணே, ஹாக்ஐ அங்க புருஷனா பேசுறாரா இல்ல லீடரா பேசுறாரா? பொண்டாட்டிக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டாரா?" ஒருத்தரும் வாயைத் திறக்கல. அந்தக் கேள்விதான் இந்த வருஷம் பூரா நம்மளை இழுத்துட்டுப் போச்சு. ஹீரோ கொல்லலாமா கூடாதாங்கிற கேள்வியை நாம பத்து வருஷமா பேசி சப்பி எடுத்தாச்சு. ஒரு டீமுல ஒருத்தர் கொன்னுட்டா அந்த டீமு என்ன பண்ணணும்ங்கிறதை நாம பேசினதே இல்ல.

செயலாளரா இருக்கிறவனுக்கு இதுல ஒரு தனி ருசி இருக்கு, அதை மறைக்க மாட்டேன். டீம் காமிக்ஸ்ல முக்கால்வாசி சங்கத்து சண்டைதான். அடுத்த மாசம் படிச்ச ஆப்பரேஷன் கேலக்டிக் ஸ்டார்மையே எடுங்க, 1992, 19 பாகம், நாம மூணு கூட்டத்துல முடிச்சோம். நேகா பாம் வெடிச்சு க்ரீங்கிற வேற்றுகிரக இனத்துல கோடிக்கணக்கான ஆளுங்க சாவாங்க, அதுக்குப் பின்னாடி இருந்தது அவங்களோட தலைவனே, சுப்ரீம் இன்டெலிஜென்ஸ். தன் இனம் மறுபடி வளரணும்னு தன் ஜனத்தையே பலி குடுத்த ஜென்மம். அதை என்ன பண்றதுன்னு அங்கேயே இடிபாட்டுக்கு நடுவுல நின்னு அவெஞ்சர்ஸ் வாக்குவாதம் பண்ணுவாங்க. கேப்டன் அமெரிக்கா கூடாதுன்னுவாரு. அயர்ன் மேன், அது மூளையும் மெஷினும் சேர்ந்த ஒண்ணு, உயிரே இல்ல, அதைக் கொன்னா கொலையாகாதுன்னு வக்கீல் மாதிரி பேசுவாரு. கடைசியில கேப்டன் பேச்சை மீறி ஒரு கோஷ்டி தனியா போய் முடிச்சிடும், வாளைப் பாய்ச்சுறது டீமுல இருக்கிற ப்ளாக் நைட்.

நம்ம தலைவர் அண்ணன் அதைப் படிச்சிட்டு, இதுக்குப் பேருதான் கமிட்டியைக் கேக்காம செக்குல கையெழுத்து போடுறதுன்னாரு. எல்லாரும் சிரிச்சோம், சிலரு மட்டும் சிரிக்கல, ஏன்னு பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும், அதை இங்க கிளற மாட்டேன். அதுல பெரிய கூத்து என்னன்னா அந்த சுப்ரீம் இன்டெலிஜென்ஸ் சாகவே இல்ல. அதுக்காக டீமு ரெண்டா உடைஞ்சதுதான் மிச்சம்.

பட்டிமன்றம். இதை விரிவா எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டீங்க. லிட்டில் இந்தியாவுல ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில நடந்துச்சு. முதல்ல பேசி வச்ச ஹால்காரங்க ரெண்டு நாளைக்கு முன்னாடி கைய விரிச்சிட்டாங்க, பேரு வேண்டாம், முன்பணம் இன்னும் வரல. தலைப்பு, "கொல்லும் நாயகன் காவலனா, கொலைகாரனா?" நடுவரு ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஐயா, அவருக்கு பேட்மேனுக்கும் ஸ்பைடர்மேனுக்கும் வித்தியாசம் தெரியாது, அதுவே நல்லதாப் போச்சு.

காவலன் அணி முதல் ஆளு எழுந்ததும் குறளை எடுத்துட்டாரு. "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்." 550-வது குறள். களை புடுங்குறது பயிருக்குத் துரோகமான்னு கேட்டாரு, கைத்தட்டு கூரையைப் பிச்சுது. எதிரணி சும்மா இருக்குமா, "தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை"ன்னு கொல்லாமை அதிகாரத்துல இருந்து திருப்பிக் குடுத்தாங்க. இதோட நின்னிருந்தா சாதாரண பட்டிமன்றம். ஆனா நம்ம வக்கீல் தம்பி எழுந்து, அந்த முதல் குறள்ல வள்ளுவர் வேந்துன்னுதான் சொல்றாரு, முகமூடி போட்ட ஆளைச் சொல்லலன்னான். அப்புறம் நாட்டு நடப்புக்கு வந்தான். நம்ம மலேசியாவுல 2023 ஜூலை 4-ல இருந்து கட்டாய மரண தண்டனை கிடையாது, தண்டனை சட்டத்துல இருக்கு, ஆனா ஜட்ஜு கேஸைப் பார்த்து அதுக்குப் பதிலா 30-ல இருந்து 40 வருஷம் சிறை குடுக்கலாம், அரசாங்கமே யோசிச்சு யோசிச்சு கை வைக்கிற இடத்துல நேத்து ராத்திரி ஜட்டியை வெளியில போட்டுட்டு வந்தவன் முடிவு பண்ணுவானான்னான். நடுவர் ஐயா சிரிச்ச சிரிப்புல மைக்கு ஊளையிட்டுது.

வாலி வதை வராம இருக்குமா, வந்துச்சு. ராமன் மறைஞ்சு நின்னு அம்பு விட்டது சரியாங்கிறது நம்ம தாத்தா காலத்துல இருந்து மேடையில ஓடுற விஷயம். ஆனா நம்ம உதவித் தலைவர் அக்கா எடுத்தது வேற இடம். கம்பன்ல வாலி அடுக்கடுக்கா கேப்பான், ராமனும் பதில் சொல்லுவான், ஆனா ஏன் ஒளிஞ்சு நின்னு எய்தேங்கிற கேள்விக்கு மட்டும் பதில் லட்சுமணன்கிட்ட இருந்து வரும். நீயும் சரண்னு வந்து விழுந்துட்டா அண்ணனால கொல்ல முடியாதுன்னு மறைஞ்சு நின்னாருன்னு தம்பி சொல்லுவான். அக்கா கேட்டாங்க, "லீடர் செஞ்சதுக்கு டீமு ஆளு விளக்கம் குடுக்குறான் பாருங்க, இது எந்த அவெஞ்சர்ஸ்ல இல்ல?" எனக்கு அன்னைக்குக் கிடைச்ச நல்ல பாயிண்டு அதுதான், மத்ததெல்லாம் தொண்டைத் தண்ணி.

எதிரணி கடைசிப் பேச்சாளர் சின்னப் பையன், காலேஜ் படிக்கிறான். அவன் மேடையேறி, பேட்மேன் வில்லன் ஜோக்கரைக் கொல்ல மாட்டேங்கிறாருன்னு எல்லாரும் திட்டுறீங்களே, 1988-ல அவரோட துணைப் பையன் ராபினைக் கொன்னது யாருன்னான். வாசகருங்க போன்ல போட்ட ஓட்டு, ஒரு காலுக்கு 50 சென்ட், சாகட்டும்னு 5,343, பிழைக்கட்டும்னு 5,271. 72 ஓட்டு வித்தியாசத்துல அப்போ ராபினா இருந்த ஜேசன் டாட் செத்தான். ஹீரோவுக்கு இருக்கிற ரூலு வாசகனுக்கு இல்லையான்னு கேட்டுட்டு உக்காந்துட்டான். நடுவர் ஐயா தீர்ப்பு வழக்கம் போல ரெண்டு பக்கமும் பொன்னாடை போத்தின தீர்ப்புதான். பட்டிமன்ற நடுவருங்க எப்பதான் ஒரு பக்கம் சாயப் போறாங்களோ.

பட்டிமன்றத்துக்கு அப்புறம் வொண்டர் வுமன் 219-வது இதழை ப்ரொஜெக்டர்ல போட்டு பக்கம் பக்கமா பார்த்தோம், 2005, க்ரெக் ரக்கா எழுதினது. மேக்ஸ்வெல் லார்ட்ங்கிற வில்லன் சூப்பர்மேன் மனசைப் புடிச்சு ஆட்டி வைக்கிறான், சூப்பர்மேன் பேட்மேனை ஏற்கனவே அடிச்சு நொறுக்கியாச்சு. வொண்டர் வுமன் தன் கயித்துல லார்டைக் கட்டி, இதை எப்படி நிறுத்துறதுன்னு கேக்குறா. அந்தக் கயித்துல கட்டினா பொய் சொல்ல முடியாது. என்னைக் கொல்லணும்கிறான். அடுத்து கழுத்தைத் திருப்பிடுறா. அவ முகத்துல கோபம் இல்ல, அழுகையும் இல்ல, அந்த முகத்தை சுவத்துல பெருசா பார்த்தப்போ அறையே அமைதியாயிடுச்சு. அந்த வீடியோவை ப்ரதர் ஐங்கிற உளவு சாட்டிலைட்டு உலகம் பூரா ஒளிபரப்பிடும். அப்புறம் இன்ஃபினிட் க்ரைசிஸ் முதல் இதழ்ல, நிலாவுல இருக்கிற ஜஸ்டிஸ் லீக் ஆபீஸ் இடிஞ்சு கிடக்கு, அந்த இடிபாட்டுல நின்னு சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குத்திக் காட்டுவாங்க. முப்பது வருஷம் ஒண்ணா கடை நடத்தின பங்காளிங்க பிரியிற மாதிரி.

அவ செஞ்சது சரின்னு கை தூக்கினவங்கதான் நம்மள்ல அதிகம். நானும் தூக்கினேன். சரிங்கிறதுக்காக இல்ல, அவ ஒளிக்கல. சூப்பர்மேன் முன்னாடியே நின்னு, செஞ்சேன்னு சொல்றா.

ஒளிக்கிறதுன்னதும் எக்ஸ்-ஃபோர்ஸ். என் மனசுக்கு இந்த வருஷம் படிச்சதுல ரொம்ப அசிங்கமான விஷயம் கத்தியோ ரத்தமோ இல்ல, எக்ஸ்-மென் லீடர் சைக்ளாப்ஸ் 2008-ல வால்வரினை வச்சு ரகசியமா ஒரு கொலைக் கோஷ்டி கட்டினதுதான். மத்த எக்ஸ்-மென்னுக்குத் தெரியாது. மேல நல்ல பேரு, அடியில கத்தி. அப்புறம் 2010-ல ரிக் ரெமெண்டர் அன்கேனி எக்ஸ்-ஃபோர்ஸ் ஆரம்பிச்சாரு, ஓவியம் ஜெரோம் ஒப்பேனா, அதுல சைக்ளாப்ஸ்க்கே தெரியாம வால்வரின் நடத்துறாரு. ரகசியத்துக்குள்ள ரகசியம். பழைய வில்லன் அபோகலிப்ஸ் மறுபடி சின்னப் பையனா பிறந்திருக்கான், பத்து வயசு இருக்குமா, ஒண்ணுமே இன்னும் செய்யல. கொல்லப் போன டீமு அங்க போய் தடுமாறும், டீமுல இருக்கிற சைலாக் குறுக்க நிப்பா, எல்லாரும் பேசிட்டு இருக்கும்போதே இன்னொரு டீமு ஆளு ஃபேண்டோமெக்ஸ் பின்னாடி இருந்து சுட்டுடுவான். பேச்சு முடியல. ஓட்டு எடுக்கல. வீட்டுக்குத் திரும்புற கப்பல்ல யாரும் யாரு முகத்தையும் பாக்க மாட்டாங்க. இதுக்குத்தான் சொல்றேன், கொல்றதா இருந்தா மினிட்ஸ்ல ஏத்திட்டு கொல்லு, முன்மொழிஞ்சவன் பேரும் வழிமொழிஞ்சவன் பேரும் போட்டு, எதிர்த்தவன் பேரையும் போட்டு. பேரு எழுதணும்னா பாதிப் பேரு கத்தியைக் கீழ வச்சிடுவான். இது செயலாளரோட சொந்தக் கருத்து, சங்கத்து நிலைப்பாடுன்னு யாரும் வெளியில பேசிட்டுத் திரியாதீங்க.

1988-ல ஜான் பைர்ன் எழுதினதுல சூப்பர்மேனே மூணு பேரைக் க்ரிப்டோனைட்டால கொன்னிருக்காரு, ஒரு உலகத்தையே அழிச்சவங்க அவங்க, அப்படியும் பின்னாடி அவரே தன்னை பூமியை விட்டு நாடு கடத்திக்கிட்டாரு. கேஸ் போட ஆள் இல்லாத இடத்துல தானே தண்டனை. இது பெருந்தன்மையா வீம்பான்னு இன்னொரு கூட்டம் வச்சுக்கலாம்.

டீ-சர்ட் விஷயம். தம்பிமாரு, குத்தவாளிங்களைக் கொல்ற பனிஷரோட மண்டையோடு போட்ட சங்க டீ-சர்ட் கேட்டாங்க, கமிட்டி தள்ளிடுச்சு. பனிஷரை 1974-ல உருவாக்கின எழுத்தாளர் ஜெரி கான்வேயே, போலீஸ்காரங்க அந்த மண்டையோட்டை மாட்டிக்கிறதைப் பாத்து வெளிப்படையா கண்டிச்சவரு. நமக்கு எதுக்கு. அதுக்குப் பதிலா இரும்புக்கை மாயாவி போடலாம்னு தலைவர் அண்ணன் யோசனை, 1972-ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதே மாயாவியாலதான், பெருசுங்க எல்லாம் ஒரே குரல்ல சரின்னாங்க, சிறுசுங்க யாரு அதுன்னு கேட்டாங்க, அன்னைக்கு சண்டை கொலையை விடப் பெருசு. இன்னொண்ணு, கௌபாய் ஹீரோ டெக்ஸ் வில்லர் ரசிகருங்க நம்ம சங்கத்துல பாதிக்கு மேல. அவரு ஒரு கதையில எத்தனை பேரை சுட்டுத் தள்ளுறாருன்னு எவனாவது எண்ணினீங்களா? சூப்பர்மேன் மூணு பேரைக் கொன்னதுக்கு மூணு மணி நேரம் பேசினவங்க அடுத்த நிமிஷம் லயன் காமிக்ஸ் புது டெக்ஸ் எப்ப வரும்னு கேக்குறாங்க. இதைப் பத்தி ஒரு கூட்டம் போடலாம்னு நான் குடுத்த தீர்மானத்தை வழிமொழிய ஒரு ஆள் கிடைக்கல.

நூலகம். நம்ம ஊரு ஈரத்துக்கு பழைய இதழெல்லாம் பூஞ்சை புடிக்குது, வெள்ளிப்பூச்சியும் சேர்ந்துடுச்சு, ப்ளாஸ்டிக் உறையும் சிலிகா ஜெல்லும் வாங்க பொருளாளர் அக்கா காசு ஒதுக்கியிருக்காங்க, உறை போட ஞாயித்துக்கிழமை காலையில ஆள் வேணும், ரொட்டி சானாய் சங்கச் செலவு. பெட்டியைக் குடுத்த உறுப்பினருக்கு நன்றி. அன்கேனி எக்ஸ்-ஃபோர்ஸ் மூணாவது புத்தகம் போன மாசத்துல இருந்து அலமாரியில இல்ல, பதிவேட்டுல யாரு கையெழுத்தும் இல்ல. எடுத்தவரு யாரா இருந்தாலும் சத்தமில்லாம அலமாரியில வைக்காதீங்க, என் மேஜைக்கு வந்து பேரு எழுதிட்டு வைங்க.

இப்படிக்கு,
செயலாளர்