முதல் தமிழ்ப் பேராயர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரில் தமிழ் லூத்தரன் சபையின் பேராயர் (பிஷப்) ராஜா பூஷணம் மாணிக்கம் பற்றி வந்த கட்டுரை இங்குள்ள சபை மக்களுக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் அவரை 'முதல் தமிழ்ப் பேராயர்' என்று எழுதியது தவறு. அந்தப் பெருமை திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கே உரியது. ஆங்கிலிக்கரான (இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த) அவர் 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, தெலுங்கு மக்களிடையே தோர்ணக்கல் பேராயராகப் பணியாற்றினார். மாணிக்கம் 44 ஆண்டுகள் கழித்து, 1956-இல், தரங்கம்பாடிப் பேராயர் ஆன முதல் இந்தியர். 'முதல் தமிழ் லூத்தரன் பேராயர்' என்றால் சரி. மார்ட்டின் லூத்தர் வழிவந்த சபையைக் குறிக்கும் 'லூத்தரன்' என்ற சொல் விடுபட்டதில் வரலாறே மாறிவிட்டது.

ஜெர்மானியர் வளர்த்த இந்த லூத்தரன் சபைக்கு ஸ்வீடன் நாட்டுப் பேராயர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் கட்டுரை தொடவில்லை. 1706-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியபோது பேராயர் என்ற பதவியே அங்கு இல்லை. பின்னால் வந்த ஜெர்மனியின் லைப்சிக் மிஷனும் அதை நாடவில்லை. நற்செய்தி சரியாகப் போதிக்கப்பட்டு, திருவருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், நற்கருணை) முறையாக வழங்கப்பட்டால் போதும், அது திருச்சபைதான் என்பது லூத்தரன்களின் விசுவாச அறிக்கையான 1530 அவுக்ஸ்பர்க் அறிக்கையின் நிலை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு ஜெர்மானிய மிஷனரிகளை வெளியேற்ற, ஸ்வீடன் மிஷன் பொறுப்பேற்றது. ஸ்வீடன் திருச்சபையோ லூத்தரின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பேராயர் வரிசையை அறுக்காமல் காத்து வந்தது. ஆகவே 1919-இல் தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை உருவானதும், 1921-இல் ஹேமன் முதல் பேராயரானார். அவருக்குப் பின் பெக்செல், சாண்டெக்ரன், அடுத்து மாணிக்கம். போர் இல்லாதிருந்தால் நம் சபைக்குத் தலைவர் இருந்திருப்பார், பேராயர் இருந்திருக்க மாட்டார் என்பது என் கருத்து.

இன்னொரு குழப்பம். பதவிப் பெயர் தரங்கம்பாடி, அலுவலகம் திருச்சியில். பல சபைகள் இணைந்து 1947-இல் தொடங்கிய தென்னிந்தியத் திருச்சபைக்கும் திருச்சியில் பேராயர் உண்டு. லூத்தரன் சபை அந்த இணைப்பில் சேரவில்லை. 'திருச்சிப் பேராயர்' என்று பொதுவாக எழுதினால் எந்தச் சபை என்று யாருக்கும் விளங்காது.

ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் சடங்குக்கும் பேராயர் வந்தாக வேண்டும் என்று கட்டுரை சொல்வது ஆங்கிலிக்க வழக்கம். நம்மிடம் அதைக் குருவானவரே செய்கிறார். மலாயாவின் பால்மரத் தோட்டத்தில் அன்றாடம் ஜெபம் நடத்தியவர் குருப்பட்டம் பெறாத உபதேசியார். குருப்பட்டம் கொடுப்பதுதான் பேராயரின் தனி வேலை.

மலாயாவில் 1907 முதல் வேரூன்றிய தமிழ் லூத்தரன் சபைகள் அறுபதுகளின் தொடக்கத்தில், மாணிக்கத்தின் காலத்திலேயே, தாய்ச்சபையிலிருந்து தன்னாட்சி பெற்றன. அதற்கு முன்பே, 1951 முதல், உலகத் திருச்சபை மன்றமும் சர்வதேச மிஷனரி மன்றமும் கூட்டாக நியமித்த கிழக்காசியச் செயலாளராக அவர் இந்த வட்டாரத் திருச்சபைகளோடு பழகியவர். மலேசிய வாசகருக்கு இதுவே முக்கியம். கட்டுரையில் ஒரே வரி!

விழா மலர் தயாரிக்கும் சபைகளுக்குச் சில வார்த்தைகள். தேர்ந்தெடுக்கப்பட்ட நாள், அபிஷேக நாள், பொறுப்பேற்ற நாள் மூன்றும் வெவ்வேறாக இருக்கலாம். எது எந்த நாள் என்று குறிப்பிடுங்கள். பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகி, பிறகு வீடமைப்புத் திட்டமானபோது தோட்டத்துத் தேவாலயங்கள் மூடப்பட்டு, ஞானஸ்நானப் பதிவேடுகள் யாரோ ஒருவர் வீட்டு அலமாரிக்குப் போய்விட்டன. அவற்றை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாகி எழுத்தில் இறங்கும். நிழலான பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, முதல் படமாக மேலட்டையை வையுங்கள். இல்லையென்றால் எந்தத் தோட்டத்துப் பதிவேடு என்பதே பிறகு தெரியாது.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்