கையால் கேட்ட சத்தம்

திருநெல்வேலி
5.1.2025

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய், சந்தோஷம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் நீயே ஓட்டிப் போய் வந்தாய் என்று வாசித்துக் காட்டினேன். உன் தங்கச்சி நம்பவில்லை. "அண்ணன் பக்கத்து சீட்ல உக்காந்துட்டு ஓட்டுனதா எழுதியிருப்பாங்க" என்கிறாள்.

மலை இறங்கியதிலிருந்து முன்பக்கம் சக்கரம் சுற்றச் சுற்றக் கிறீச்சிடுகிறது, ஒர்க்‌ஷாப்பில் நாலு சக்கரத்துக்கும் பேரிங் (சக்கரத்தின் நடுவில் குண்டுகள் ஓடுகிற வளையம்) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். மாற்றாதே. கொஞ்சம் பொறு. போன வருஷம் பல மாதம் நானும் இந்தச் சக்கரச் சத்தத்தோடு குடித்தனம் பண்ணினவன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து வேறு கதை பேசுவாய். அதனால்தான் கடிதம்.

2023 டிசம்பர் மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழை. தாமிரபரணி கரை தாண்டி எங்கள் தெருவுக்கு வந்த ராத்திரி, வண்டியை மேட்டுக்கு ஏற்ற நேரமில்லை. சக்கரத்தின் நடுக்குடம் வரைக்கும் தண்ணீர். மறுநாள் சாயங்காலம்தான் வடிந்தது. சேற்றைக் கழுவி, கம்பளம் எல்லாம் மொட்டை மாடியில் காயப்போட்டு, ஆயில் பார்த்து ஸ்டார்ட் பண்ணினேன். ஒரே சாவியில் எடுத்தது. தப்பித்தோம் என்று பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன்.

ஆறு மாதம் ஒன்றுமில்லை. ஆனியில் நாகர்கோவில் கல்யாணத்துக்குப் போனபோது, வள்ளியூர் தாண்டினதும் உன் தங்கச்சி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏங்க, ஏதோ சத்தம் வருது." முப்பந்தல் பக்கம் ஆனிக் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும், காற்றாலை சும்மாவா வைத்திருக்கிறான். காற்று என்றேன். "காத்து வண்டிக்கு வெளிய அடிக்கும். இது வண்டிக்குள்ள ஓடுது. கிரைண்டர்ல அரிசி போடாம வெறுங்கல்லு சுத்துத மாதிரி இருக்கு."

இதைவிடச் சரியாக யாரும் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனால் அன்றைக்கு நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதும் ஒரு மாதம் கழித்துத்தான். அறுபதில் ஆரம்பித்து எண்பதில் பாட்டுச் சத்தத்தையே மூடுகிற அளவுக்கு ஓர் உறுமல்.

முதலில் இன்ஜினா, சக்கரமா என்று பிரிக்க வேண்டும். காலியான ரோட்டில் எழுபதில் போய் நியூட்ரலுக்குத் தள்ளினேன். (சாவியை அணைத்துவிடாதே. பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.) இன்ஜின் அடங்கியது, உறுமல் அடங்கவில்லை. வண்டியின் வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தது. ஆக, இன்ஜின் இல்லை, சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று.

இங்கேதான் பத்தாயிரம் ரூபாயைத் தண்டமாக விட்டேன். டயர் கடையில் பின் டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். முன்னே தடவினால் வழவழ, பின்னே இழுத்தால் அரம் மாதிரி கையைப் பிடித்தது. அப்படித் தேய்ந்த டயரும் உறுமும், அது உண்மைதான். ரெண்டு டயர் புதுசு போட்டு, அலைன்மென்ட் பார்த்து, சந்தோஷமாக வெளியே வந்தேன். பாளையங்கோட்டை தாண்டுவதற்குள் கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிட்டது.

வாங்குவதற்கு முன்னால் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஒரு சுற்று போயிருக்கலாம். டயர் சத்தமாக இருந்தால் அதுவும் கூடவே இடம் மாறியிருக்கும். பைசா செலவில்லை. அதுகூட வேண்டாம், ரோட்டைக் கவனித்திருந்தாலே போதும். டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு குரல் மாற்றும். சொரசொர ஜல்லி ரோட்டில் ஒரு மாதிரி, புதுத் தார் போட்ட இடத்தில் வேறு மாதிரி. என் வண்டியோ எந்த ரோட்டிலும் ஒரே சுருதியில் நின்றது. மெக்கானிக்கல் டிப்ளமா வாங்கின மூளைக்கு இது உறைக்கவில்லை பார்.

அடுத்து ஓர் ஒர்க்‌ஷாப். பெயர் வேண்டாம். இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற டிரைவ் ஷாஃப்ட் போய்விட்டது, ரெண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்றார்கள். பதினெட்டாயிரம். இந்தத் தடவை எனக்கே சந்தேகம். அந்த ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சி.வி. ஜாயின்ட் போனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக்கு டக்கு என்று எலும்பு சொடக்குகிற மாதிரி வரும். காலி மைதானத்தில் எட்டுப் போட்டுப் பார்த்தேன், ஒரு டக்கும் இல்லை. குனிந்து பார்த்தால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியவில்லை, கிரீஸ் தெறித்த அடையாளமும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நம்ம அண்ணாச்சி ஷெட்டுக்கு முதலிலேயே போயிருக்க வேண்டும். தச்சநல்லூர் போகிற வழியில் வேப்பமரத்தடி ஷெட். அண்ணாச்சி பானெட்டையே திறக்கவில்லை. "வாங்க, ஒரு ரவுண்டு போவோம்" என்று என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பைபாஸில் முன்னும் பின்னும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அறுபதில், பாம்பு மாதிரி மெதுவாக இடமும் வலமும் வளைத்து ஓட்டச் சொன்னார். இடது பக்கம் வளைத்தால் உறுமல் ஏறியது. வலது பக்கம் வளைத்தால் அப்படியே அமுங்கிப் போனது.

பஸ்ஸில் நிற்கிறவன் இடது வளைவில் வலது பக்கம் சாய்வான் இல்லையா, வண்டியின் பாரமும் அப்படித்தான் சாயும். பாரம் ஏறுகிற பக்கத்துப் பேரிங்தான் கத்தும். ஆகவே வலது பக்கம் என்றார் அண்ணாச்சி. வீட்டுக்கு வந்து சொன்னால் உன் தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "இத்தனை மாசமா என் காலுக்குக் கீழதான் சத்தம் வருது, எடது பக்கம்தான்." என் காதுக்கும் இடது மாதிரிதான் பட்டது. மறுநாள் நான் அதைச் சொன்னதும் அண்ணாச்சி சிரித்தார். "தகரம் பூரா சத்தத்தக் கடத்தும் அண்ணாச்சி. காத வச்சுக் கேக்காதிய, கைய வச்சுக் கேளுங்க."

வண்டியை மட்டத் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்தார். முன்பக்கம் ஜாக்கி. கழற்றின ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார், ஜாக்கி வழுக்கினாலும் ஆள் மேல் வண்டி இறங்காது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டமே இல்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. "ஆட்டம் வந்தா அது கடைசிக் கட்டம். அதுக்கு முன்னாலயே சத்தம் வந்துரும்" என்றார்.

கியரை நியூட்ரலில் போட்டு, இடது சக்கரத்தைச் சுற்றிவிட்டார். "ஸ்பிரிங்கப் பிடிங்க." சஸ்பென்ஷனில் தடிமனாகச் சுருண்டு நிற்குமே, அந்தச் சுருளை உள்ளங்கையால் பிடித்தேன். சில்லென்று இருந்தது, ஒரு அசைவும் இல்லை. வலது பக்கம் போய் அதேபோல் சுற்றிவிட்டார். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை மாப்ளே, பாரம் இல்லாமல் சுற்றுகிற சக்கரம்தானே. ஆனால் கைக்குள் மணலைப் போட்டு நெரித்த மாதிரி ஒரு நறநறப்பு. விரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஏறியது. கையை எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். உன் முழங்காலை மடக்கி நீட்டச் சொல்லி டாக்டர் மேலே உள்ளங்கையை வைத்தார் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதேதான்.

உன் தங்கச்சியைக் கூப்பிட்டு அவள் கையையும் வைக்கச் சொன்னேன். ரெண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தாள். "சரி, வலதுதான். ஆனா சத்தம் இருக்குன்னு மொதல்ல சொன்னது நான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கழற்றுகிற வேலையைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அந்தப் பேரிங், சக்கரத்தைத் தாங்குகிற நக்கிள் என்ற பாகத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். சுத்தியல் வைத்து அடிக்கக் கூடாது. நக்கிளோடு கழற்றி லேத் ஷாப்பில் ஹைட்ராலிக் ப்ரெஸ்ஸில் வைத்துத் தள்ளினோம். பழைய பேரிங் ரெண்டாகப் பிரிந்து, பாதி வளையம் சக்கரம் மாட்டுகிற ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கத்தான் ஒரு மணி நேரம். உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருவும் தண்ணீரும் கலந்து சுக்குக் காப்பி மாதிரி ஒரு குழம்பு. அதைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், குண்டு ஓடுகிற தடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக. அந்தக் குழிகளில் குண்டு ஏறி இறங்கினதுதான் அத்தனை மாதச் சத்தமும். பேரிங் சீல் தெறிக்கிற தண்ணீரைத் தடுக்கும், ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடந்தால் என்ன செய்யும்? டிசம்பரில் உள்ளே போன தண்ணீர் ஆனி வரைக்கும் பொறுமையாக வேலை பார்த்திருக்கிறது.

புதுசு போடும்போது அண்ணாச்சி ரெண்டு விஷயத்தில் லேத் பையனை விரட்டிக்கொண்டே இருந்தார். நக்கிளுக்குள் தள்ளும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும்தான் விழ வேண்டும். உள் வளையத்தை அழுத்தினால் குண்டு வழியாகப் பாரம் இறங்கித் தடத்தில் பள்ளம் விழும், புதுப் பேரிங்கே கொஞ்ச நாளில் உறும ஆரம்பிக்கும். இன்னொன்று, ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) உள்ள வண்டியில் பேரிங்கின் ஒரு முகத்தில் கறுப்பாக ஒரு காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், மறுபடி எல்லாம் கழற்ற வேண்டியதுதான். ஆக்சில் நட்டும் புதுசு. டார்க் ரெஞ்சில் முறுக்கி முடிக்கும் வரைக்கும் வண்டியைத் தரையில் இறக்கவே விடவில்லை.

இடது பக்கமும் அதே தண்ணீரில் நின்றதுதானே, அதையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "சத்தம் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். வரவில்லை இதுவரை.

இப்போது உன் வண்டி. உனக்கு வருவது உறுமல் இல்லை, கிறீச்சு. அதுவும் ஒரே நாளில், மலை இறங்கின கையோடு. பேரிங் பெரும்பாலும் அப்படி வராது, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். எனக்கு ரெண்டு பேர் மேல் சந்தேகம். ஒன்று, வளைவில் ஓரம் ஒதுங்கும்போது ஏறிய பொடிக்கல். பிரேக் டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கும் மெல்லிய தகடுக்கும் நடுவில் மாட்டினால், ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தும். ரிவர்ஸில் பத்தடி போய், முன்னே வந்து, நாலு தடவை செய்து பார். சில நேரம் தானாக விழுந்துவிடும். விழவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றி அந்தத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பினால் போதும். இன்னொன்று, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட். நீ எப்போதுமே இறக்கத்தில் செகண்ட் கியரில் விடமாட்டாய், பிரேக்கிலேயே காலை ஊன்றிக்கொண்டு வருவாய். எழுபது வளைவு! பேட் தேய்ந்தால் சத்தம் போட்டுச் சொல்வதற்கென்றே சில பேடில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பான். ஓடும்போது பிரேக்கை லேசாகத் தொட்டதும் கிறீச்சு நின்றால் சந்தேகம் அந்தப் பக்கம் போகும். எப்படியும் பேட் எவ்வளவு மிச்சம் என்று உடனே பார்த்துவிடு, அதைத் தள்ளிப்போடாதே. கூடவே வீல் நட்டையும் ஒரு தடவை முறுக்கிப் பார்.

ஒரு கணக்கும் சொல்கிறேன், ஹாஸ்டலில் உன்னைப் பார்த்து எழுதின பாவத்துக்குப் பரிகாரமாக. 165/80 ஆர் 14 டயர் என்றால் குறுக்களவு ஏறக்குறைய 62 செ.மீ., சுற்றளவு 1.95 மீட்டர். மணிக்கு ஏழு கிலோமீட்டரில் உருட்டினால் விநாடிக்கு ஒரு சுற்று. அந்த வேகத்தில் விநாடிக்கு ஒரு தடவை சத்தம் வந்தால் சக்கரத்தில் ஏதோ ஓர் இடத்தில்தான் கோளாறு. எனக்கு இது உடனே உதவியது. பேரிங் மாற்றி வண்டி அமைதியானதும், அதுவரை உறுமலுக்குள் ஒளிந்திருந்த ஒரு டிக், டிக் கேட்க ஆரம்பித்தது. நெஞ்சு பகீரென்றது. இறங்கித் தேடினால், புது டயரின் பள்ளத்தில் ஒரு சரளைக்கல். சாவியால் நெம்பி எடுத்தேன். பேரன் அதைப் பென்சில் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான்.

நாலு பேரிங்கும் வேண்டும் என்று சொல்கிறவர்களிடம் எந்தச் சக்கரம் என்று கேள். காட்டத் தெரிந்தால் அந்த ஒன்றை மாற்று. இல்லாவிட்டால் பொங்கல் கழித்து இங்கே ரயிலில் வராமல் வண்டியிலேயே வா, பேட் சரியாக இருந்தால் மட்டும். அண்ணாச்சியிடம் சொல்லி வைக்கிறேன். உன் தங்கச்சி சொதி வைக்கிறேன் என்கிறாள்.

வரும்போது அந்த நீள ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டு வா. 1986-ல் என் பெட்டியிலிருந்து எடுத்தது. இன்ஜினில் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்போமே, அது. நான் மறக்கவில்லை.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்