மாதிரி கேக் பெட்டி ருசி பார்க்க முடியாத நிலையில் வந்தது குறித்துப் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பிறந்தநாள் கேக் தேர்வுக்காக வாங்கிய மாதிரிப் பெட்டிக்கான பணத்தைத் திருப்பித் தருவது, முழு கேக் ஆர்டருக்கு முன் சில விவரங்களை எழுத்தில் தருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். வீட்டில் நடக்கவிருக்கும் பிறந்தநாளுக்கு எந்த கேக் வாங்கலாம் என்று முடிவு செய்வதற்காகவே உங்கள் மாதிரிப் பெட்டியை வாங்கினோம். வெனிலா பட்டர்கிரீம், சாக்லேட் கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவை), ரெட் வெல்வெட், சீஸ்கேக், ஸ்ட்ராபெர்ரி மூஸ் (நுரைபோல் மென்மையான கிரீம் இனிப்பு), வால்நட் பிரௌனி என ஆறு வகை. இவற்றில் ஒழுங்காக வந்து சேர்ந்தவை கனாஷும் பிரௌனியும் மட்டுமே. அவை எந்தக் கடையிலிருந்து அனுப்பினாலும் தாக்குப்பிடிக்கக் கூடியவை. உங்கள் தரத்தைக் காட்டியிருக்க வேண்டிய மற்ற நான்கும் வீணாகிவிட்டன.

முதலில் மிக முக்கியமானதைச் சொல்லிவிடுகிறோம். வால்நட் பிரௌனியும் வெனிலா துண்டும் ஒரே அட்டைத் தட்டில், நடுவில் தடுப்பு இல்லாமல் வைக்கப்பட்டிருந்தன. வெனிலாவின் கிரீம் மேல் வால்நட் தூள் ஒட்டியிருந்தது. இந்த விருந்துக்கு வருபவர்களில் கொட்டை வகை ஒவ்வாமை உள்ள குழந்தையும் உண்டு. தூளைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தால் போதாது, கிரீமில் கலந்த சிறு துகளே ஆபத்தாக முடியலாம். பெட்டியின் மேல் "கொட்டைகள் இருக்கக்கூடும்" என்று பொதுவாக ஒரு வரி இருக்கிறது. அதை வைத்து எந்தத் துண்டை யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு துண்டும் தனியாக மூடி ஒட்டப்பட்டு, அதனதன் மேல் முட்டை, பால், கோதுமை, சோயா, கொட்டை விவரம் இருக்க வேண்டும்.

அடுத்தது பேக்கிங். குளிர்ச்சிக்காக வைத்த ஜெல் பேக் (உறையவைத்த ஜெல் பை) இரண்டும் தட்டுக்கு அடியில் கிடந்தன. குளிர்ந்த காற்று கீழே இறங்கும் தன்மை உடையது. வெயிலில் நிற்கும் வண்டியில் பெட்டியின் மூடிதான் முதலில் சூடேறும். ஆகவே ஜெல் பேக் மேலேயும் இருந்தே ஆக வேண்டும். மூடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டவில்லை. உள்ளே பாதி இடம் காலி. அந்தக் காற்றையும் சேர்த்துக் குளிரவைப்பதிலேயே ஜெல் பேக்கின் குளிர் கரைந்துவிடும். பெட்டியைத் திறந்தபோது இரண்டு ஜெல் பேக்குமே முழுக்க இளகியிருந்தன. சீஸ்கேக்கின் நடுவில் தெர்மாமீட்டர் செருகிப் பார்த்ததில் 17 டிகிரி செல்சியஸ் காட்டியது. கிரீம் சீஸும் முட்டையும் சேர்ந்த பண்டம் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. எவ்வளவு நேரம் அந்த நிலையில் இருந்தது என்பது யாருக்கும் தெரியாததால் அதைக் குப்பையில் போட்டோம்.

இதற்கு உங்கள் சேவைப் பிரிவு தந்த பதில், "ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்" என்பது. தயவுசெய்து யாருக்கும் இப்படிச் சொல்லாதீர்கள். குளிர் கிருமிகள் பெருகுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஏற்கெனவே பெருகியதையும், சில கிருமிகள் விட்டுச் செல்லும் நச்சையும் அது நீக்காது.

வெனிலா துண்டின் பட்டர்கிரீம் ஒரு பக்கமாகச் சரிந்து, அடித்தாளில் மஞ்சளாக எண்ணெய் வட்டம் விட்டிருந்தது. வெண்ணெய் உருகத் தொடங்கினால் கொழுப்பும் நீரும் பிரிந்துவிடும். திரும்பக் குளிரவைத்தால் நாக்கில் மணல் மணலாகத் தட்டும். துண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டை, அடியில் அட்டையோடு ஒட்ட ஒரு சொட்டு கிரீம் இருந்திருந்தால் சரிவையாவது தடுத்திருக்கலாம்.

மூஸ் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து சுருங்கி, அடியில் இளஞ்சிவப்பு நீர் தேங்கியிருந்தது. மூஸை உறையவைப்பது தவறல்ல, இந்தத் தொழிலில் வழக்கமானதுதான். ஆனால் வேகமாக உறையவைக்க வேண்டும், ஒருமுறைதான் இளகவிட வேண்டும். மெதுவாக உறைந்தாலோ, இளகி மறுபடி உறைந்தாலோ பெரிய பனிப் படிகங்கள் ஜெலட்டின் வலையைக் கிழித்து நீரை வெளியே விட்டுவிடும். உங்கள் கிடங்கில் நடந்தது இவற்றில் எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ரெட் வெல்வெட்டின் வெட்டிய பக்கங்கள் காய்ந்து உதிர்ந்தன. ஸ்பாஞ்ச் பழையதாவது உறைநிலையில் அல்ல, ஃப்ரிட்ஜின் குளிரில்தான் வேகமாக நடக்கும். மாவில் உள்ள ஸ்டார்ச் அங்கேதான் சீக்கிரம் இறுகும். முன்கூட்டியே செய்து வைப்பதென்றால் காற்றுப் புகாமல் சுற்றி மைனஸ் 18 டிகிரியில் வைப்பதே முறை.

பெட்டியில் வைத்த குறிப்புச் சீட்டும் தவறு. "உடனே பிரித்து, ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்தவுடன் பரிமாறவும்" என்கிறது. உறைந்த கேக்கை மூடியபடியே ஃப்ரிட்ஜில் இளகவிட வேண்டும். அப்போதுதான் ஈரம் உறையின் மேல் படியும், ஐஸிங்கின் மேல் படியாது. பட்டர்கிரீம் கேக்கைப் பரிமாறுவதற்கு முன் சற்று நேரம் வெளியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டி வெண்ணெயைக் கடிப்பது போலத்தான் இருக்கும், வெனிலா மணமே எழாது.

இத்தனையும் சரியாக இருந்திருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மாதிரிப் பெட்டியின் லேபிளில் தாவரக் கொழுப்பு விப்பிங் கிரீம் என்றிருக்கிறது; முழு கேக்கின் விவரத்தில் பால் கிரீம் என்றிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. தாவரக் கொழுப்பு வெப்பத்தில் நன்றாக நிற்கும், ஆனால் வாயில் படலமாகத் தங்கும். பால் கிரீம் சீக்கிரம் தளரும், ருசி அதில்தான். மேலும் மாதிரிகள் தட்டையான ஒற்றை அடுக்கிலிருந்து வெட்டியவை, முழு கேக்கோ மூன்று அடுக்கு. கிரீமுக்கும் ஸ்பாஞ்சுக்கும் உள்ள அளவே மாறிவிடும்போது இதை ருசித்து அதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாதிரிப் பெட்டியின் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருவதை நாங்கள் ஏற்கவில்லை. முழு கேக்கில் சேரும் கிரீம் எது, அது உறையவைத்து அனுப்பப்படுகிறதா, வால்நட் வேலை நடக்கும் அதே மேசையிலும் அதே கருவிகளாலும் தயாராகிறதா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். புதிய பெட்டி அனுப்புவதானால் ஜெல் பேக் மேலும் கீழும் இருக்கட்டும், காலி இடத்தை அடைத்து மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள், விடுமுறைக்கு முந்தைய நாள் அனுப்பாதீர்கள். பார்சல் கிடங்கில் தங்கிவிடும்.

ஜெல் பேக், தெர்மாமீட்டர், லேபிள், வெனிலா துண்டு ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளோம். உங்கள் எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை பிறந்தநாள் கேக் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்கள்