சிவப்புச் சாக்கெட்டை ஷேக்கருக்குக் கொடுங்கள்

டர்பனிலும் அக்கம்பக்கத்திலும் ஆய்வகக் கருவிகளுக்கும் மின்சாரத்துக்கும் பொறுப்பேற்றிருக்கும் தமிழ் அன்பர்களே, வணக்கம். செல் வளரும் பிளாஸ்க்குகளை இடைவிடாமல் ஆட்டும் ஷேக்கருக்கு, மின்சாரம் போனாலும் யு.பி.எஸ். பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் சிவப்புச் சாக்கெட் ஒன்றைக் கேட்டே இதை எழுதுகிறோம்.

எச்.இ.கே. 293, சி.எச்.ஓ. போன்ற பாலூட்டிச் செல்களில் புரதம் எடுக்கும்போது விளைச்சல் குறைந்தால், முதல் சந்தேகம் செல்லுக்குள் செலுத்தும் டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிட் மீதுதான் விழுகிறது. புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்ப உதவும் சிக்னல் பெப்டைடை மாற்றுகிறார்கள். டி.என்.ஏ. ஒரு பங்குக்கு, அதைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் பி.இ.ஐ. மூன்று பங்கு என்ற அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறார்கள். அதெல்லாம் செய்யவேண்டியதுதான். ஆனால் இரவில் இரண்டு மணி நேரம் ஆட்டம் நின்றுபோன பிளாஸ்க்கை எந்தப் பிளாஸ்மிடும் காப்பாற்றாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 1 கோடி செல் என்றால் லிட்டருக்கு 1,000 கோடி. அவை மணிக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமோல் ஆக்சிஜன் குடிக்கும். 37 டிகிரியில் செல் வளரும் ஊட்டத் திரவமான மீடியத்தில் லிட்டருக்குக் கரைந்திருப்பதோ சுமார் 0.2 மில்லிமோல். ஷேக்கர் நின்றால் நாலிலிருந்து ஆறு நிமிடத்தில் அது தீர்ந்துபோகும். பிளாஸ்க்கின் மேல்பாதியில் காற்று நிறைய இருந்தும் பயனில்லை. செல்கள் வண்டல்போல அடியில் படிந்துவிடும், அங்கே ஆக்சிஜன் போய்ச் சேராது. குளுக்கோஸை லாக்டேட்டாக்கிப் பிழைக்கப் பார்க்கும், பி.எச். சரியும்.

மறுநாள் காலை, இறந்த செல்லை நீலமாக்கும் ட்ரைபான் ப்ளூ சாயம் போட்டால் 90 சதவீதம் உயிரோடு இருப்பதாகக்கூடக் காட்டலாம். அதை நம்பிவிடாதீர்கள். சாகத் தொடங்கிய செல், சவ்வு கிழியும்வரை நீலம் ஏற்காது. சரிவு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அப்போது வெளியே கசியும், புரதத்தை வெட்டும் நொதியான புரோட்டியேஸ், அதுவரை சேர்ந்த புரதத்தையும் நறுக்கிவிடும்.

யு.பி.எஸ்.ஸின் சிவப்புச் சாக்கெட்டுகளை வழக்கமாக ஃப்ரீசர்களே பிடித்துக்கொள்கின்றன. மைனஸ் 80 ஃப்ரீசர் நிறைந்திருந்து, கதவும் திறக்கப்படாவிட்டால் பல மணி நேரம் தாங்கும். இன்குபேட்டரும் மூடியிருந்தால் சூட்டைச் சட்டென்று விடாது. ஷேக்கரால் பத்து நிமிடம்கூடத் தாங்க முடியாது. முன்னுரிமை அதற்குத்தான் வேண்டும்.

சாதா மூன்று முள் பிளக் சிவப்புச் சாக்கெட்டில் நுழையாது. எர்த் முள் சீவப்பட்ட பிளக்கை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டித் தாருங்கள். 300 வாட் ஷேக்கருக்கு, லோட்ஷெடிங் என்னும் அட்டவணை மின்வெட்டு நீடிக்கும் இரண்டரை மணி நேரத்துக்கு 750 வாட்-மணி ஆகும். பேட்டரியை அடிவரை கறக்காமலிருக்க 1,500 வாட்-மணி இருக்கட்டும். ஹீட்டரும் கம்ப்ரஸரும் உள்ள ஷேக்கர் என்றால் பெயர்த்தகட்டில் உள்ள வாட்டைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். அது எழும் சில நொடி இடைவெளியிலேயே சில ஷேக்கர்கள் பூஜ்யத்துக்குப் போய், யாராவது பொத்தானை அழுத்தட்டும் என்று காத்திருக்கும். மின்சாரம் வந்ததும் தானே ஓடும் அமைப்பு மெனுவில் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்க்கோடு, பிளக்கைப் பிடுங்கி மாட்டிச் சோதித்துவிடுங்கள்.

யு.பி.எஸ். வரும்வரை பிளாஸ்க்கில் கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். சி.எச்.ஓ. செல்களை மூன்றாம் நாலாம் நாளில் 32 டிகிரிக்கு இறக்கினால் ஆக்சிஜன் தேவை குறையும், ஒரே செல்லிலிருந்து பெருக்கிய வரிசைகளான குளோன்கள் பலவற்றில் ஒவ்வொரு செல்லும் தரும் புரதமும் கூடும். மின்சாரம் போய்விட்டால் பிளாஸ்க்கை 37-இல் விட்டுவைக்காமல் அறைச் சூட்டுக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

2023-ஐப் போல லோட்ஷெடிங் இன்று இல்லை. ஆனால் கேபிள் பழுதும் மழைவெள்ளமும் அட்டவணை போட்டு வருவதில்லை. ஒவ்வொரு செல் வளர்ப்பு அறைக்கும் ஒரே ஒரு சிவப்புச் சாக்கெட், ஷேக்கருக்கென்று எழுதி ஒட்டி, அடுத்த கூட்டத்திலேயே ஒதுக்கித் தாருங்கள்.

அன்புடன்,
செல் வளர்ப்பில் உழைக்கும் டர்பன் தமிழர் சிலர்