வந்த அன்றே வேலைக்குப் போகலாமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டினர் அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கார்டில் வந்த ஒருவரின் மனைவி நான். 2025-இல் ஆண்டுக்கு 48,300 யூரோ என்ற குறைந்தபட்சச் சம்பள வரம்பு, பி1 அளவு (நடுத்தர நிலை) ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில், ஏ1 (ஆரம்ப நிலை) மட்டும் என்றால் 27 மாதத்தில் கிடைக்கும் நிரந்தர வசிப்புரிமை, எல்லாம் சரிதான். மனைவியைப் பற்றி மட்டும் ஒரே வரி: மொழித் தேர்வு தேவையில்லை, வந்த அன்றே வேலைக்குப் போகலாம்.

அதுவும் பொய்யில்லை. குடும்ப விசாவுக்குப் பொதுவாகக் கேட்கும் ஏ1 சான்றிதழை ப்ளூ கார்டுக்காரரின் மனைவியிடம் கேட்பதில்லை. அதை நம்பித்தான் நானும் ஒரு எழுத்துகூடப் படிக்காமல் திருச்சியிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்தேன். என் அட்டையின் பின்பக்கம் 'எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லௌப்ட்' என்று அச்சிட்டிருந்தது. வேலை பார்க்க அனுமதி உண்டு என்று அர்த்தம். அதையே கணவர் போனில் போட்டுப் பார்த்துத்தான் சொன்னார்!

எட்டு வருடம் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவள் நான். இங்கே பள்ளியில் சேர மாநில அரசு நம் படிப்பை அங்கீகரிக்க வேண்டும். பெரும்பாலும் சி1 அளவு (பி1-ஐ விட மிக உயர்ந்த நிலை) மொழியாவது வேண்டும். அப்புறம் இன்னொன்று: இங்கே ஆசிரியர் என்றால் பொதுவாக இரண்டு பாடம் நடத்தத் தெரிந்தவர். நம் ஊர் எம்.எஸ்சி., பி.எட்.டில் எனக்கு இருப்பது கணக்கு ஒன்றுதான். கணவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர் ஆபீசில் எல்லாரும் ஆங்கிலம். என் கதை ரொட்டிக் கடையில் விரலை நீட்டிக் காட்டுவதில் தொடங்கியது.

அதற்காக மனைவிமாருக்கும் தேர்வைக் கட்டாயமாக்குங்கள் என்று சொல்லவில்லை. ஒரு சான்றிதழுக்காகப் புருஷன் ஒரு நாட்டிலும் பெண்டாட்டி ஒரு நாட்டிலும் கிடப்பது கொடுமை. ஆனால் 'தேவையில்லை' என்பது விசா கொடுப்பவர் சொல்வது. வேலை கொடுப்பவர் அப்படிச் சொல்வதில்லை. நிரந்தர வசிப்புரிமைக்கும் கணவருக்கு ஏ1 போதும் என்றால், எனக்குப் பொதுவாகக் கேட்பது பி1. இதை யாரும் முன்னாடியே சொல்லவில்லை.

விசாவுக்காகக் காத்திருந்த மாதங்களில் ஆன்லைனிலாவது வகுப்பு சேர்ந்து ஏ2 வரை முடித்திருக்கலாம். அந்த நேரமெல்லாம் எந்தப் பெட்டியில் எத்தனை கிலோ சாம்பார்ப் பொடி என்று எடை பார்ப்பதிலேயே போயிற்று. இப்போது 600 பாடவேளை கொண்ட மொழி வகுப்பில் பாதி தாண்டியிருக்கிறேன். என் பெஞ்சில் ஒரு சிரிய நாட்டு மருந்தாளுநர். அவரும் என்னைப் போலத்தான், மறுபடி அரிச்சுவடி.

அடுத்த முறை ப்ளூ கார்டு பற்றி எழுதும்போது, சம்பள வரம்புக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
திருச்சி வாசகி,
ஸ்டுட்கார்ட், ஜெர்மனி